இருபத்திரண்டு கல் திருடிய கொத்தனார்

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதறது.

உடம்பு எப்படி இருக்கு? பிரஷர் மாத்திரையைத் தினமும் போடறியா, இல்ல கோபம் வந்தா மட்டும் போடறியா? எனக்கு முழங்கால் வலி. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். மத்தபடி குறை ஒண்ணுமில்லை.

ஏன் போன் பண்ணலைன்னு கேப்பே. போன்னா நீ ரெண்டாவது நிமிஷம் வச்சுடுவே. கடிதத்தைக் கிழிக்கறதுன்னாலும் படிச்சுட்டுத்தானே கிழிப்பே!

அப்பா வீட்டுல நீ இருக்கற பாதி போக, என் பாதியை வித்துடலாம்னு இருக்கேன். பல் டாக்டர் ஒருத்தர் கேக்கறார். ஜூன் கடைசியில பதிவு. பதிமூணு வருஷமாப் பூட்டிக் கிடக்கு, யாருக்கு என்ன பிரயோஜனம்? டாக்டருக்குப் பழைய வீடுன்னா உசிராம். எப்பக் கட்டினது, எப்படிக் கட்டினது, இப்ப எப்படி இருக்குன்னு நாலு பக்கம் எழுதித் தரச் சொல்றார். நம்ம வீட்டுல படிச்சவன் நீ ஒருத்தன்தான். எழுதித் தா. என் பக்கத்துச் சாவியை இதோட வச்சிருக்கேன்.

கோபிச்சுக்காம பதில் போடு.

உன் அக்கா

*

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம் என்று எழுத இங்கே யாவரும் இல்லை. நான் ஒருவன் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

மூன்று வாரம் பதில் போடாததற்குக் காரணம் கோபம்தான். வேறு காரணம் சொல்லி உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. பழைய வீடு என்றால் உயிர் என்பவர்கள் வாங்கியதும் முதலில் செய்வது இடிப்பதுதான். அந்த டாக்டர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டு எழுது.

ஆனாலும் எழுதித் தருகிறேன். கல்லூரியில் இருபத்தாறு வருடம் வரலாறு நடத்துகிறேன். துறைத்தலைவர் நாற்காலி எனக்கு வரவேண்டிய நேரத்தில், எனக்குப் பின்னால் வந்தவன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். என்னிடம் வரலாறு எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்ட முதல் ஆள் பல் டாக்டர். அதுவும் ஒரு மரியாதை என்று வைத்துக்கொள்கிறேன்.

நேற்று தெருவின் எதிர்ப்பக்கம் நின்று வீட்டை முழுசாகப் பார்த்தேன். நமக்குப் பூச்சில்லாத வீடு என்பதால் கட்டியவன் கை அப்படியே தெரிகிறது. ஒரு வரிசைச் செங்கல் நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில், மேலே போகும்வரை இந்த ஒழுங்கு ஓரிடத்திலும் தவறவில்லை. கீழ்த்தளச் சுவர் இரண்டு கல் கனம். மாடியில் அரைக் கல் குறைந்துவிடுகிறது. அந்த அரைக் கல் விளிம்பில்தான் மாடியின் உத்தரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஜன்னல்களுக்கு மேலே மரமோ இரும்போ கிடையாது, ஆப்பு மாதிரி செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளைவாக நிற்கின்றன. இத்தனை வருடம் இங்கே இருந்தும் நின்று பார்த்ததில்லை. கழுத்து வலித்தது. நன்றாக இருந்தது.

உன் பக்கச் சுவர் ஊறிக் கிடப்பதையும் எழுத வேண்டியிருக்கும். காரணத்தையும் எழுதுவேன். உன் வீட்டுக்காரர் வருத்தப்பட்டால் நான் பொறுப்பல்ல.

உன் தம்பி

*

பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், தேவலை. நீ சொல்லி ஒண்ணு பலிச்சிருக்கு.

டாக்டரைக் கேட்டேன். முன் சுவரை எடுத்துட்டுக் கண்ணாடி போடப் போறாராம். நீ ஜெயிச்சே, சந்தோஷப்படு. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீ நினைக்கிற மாதிரி இது காசுக்காக இல்லை. ஒரே காரணம்தான், உடைச்சே சொல்லிடறேன். அவர் அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேங்கறார். புருஷன் வராத வீட்டை நான் மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்ய?

நீ மறந்திருப்பே. அன்னிக்குக் கீழ்க் கூடத்துல ஒம்பது பேர் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நீ சுவரைத் தட்டிக் காட்டி, "ஊருக்கெல்லாம் குழாய் போடறவரு, சொந்த வீட்டுச் சுவரை ஊற வச்சுட்டாரு"ன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். அதுக்கு முன்னாலயே அந்தக் குளியலறைத் தரையை மூணு தடவை தோண்டிப் பார்த்தவர் அவர். ஒரு சொட்டு ஒழுகலை. ரெண்டு மாசத்துல ஊரைவிட்டே கிளம்பினோம்.

இப்பவும் உன் கடிதம் வந்தா நான் சத்தமாத்தான் படிக்கிறேன். அவர் எழுந்து பின்கட்டுக்குப் போயிடறார். காது மந்தம்னாலும் உன் பேர் மட்டும் கேக்குது.

அந்தக் கல்லுத்திருடன் கதையையும் எழுது. அப்பா சொன்னா எப்படிச் சிரிப்போம்!

அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாத்திரை தினமும் போடுகிறேன், கோபம் வராத நாளிலும்.

நான் எதையும் மறப்பதில்லை. அது என் வியாதி. அன்று சொன்னதும் நினைவிருக்கிறது. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். அவர் குழாய் போட்ட அடுத்த மழைக்குச் சுவர் ஊறியது. இதில் நான் கற்பனை செய்தது என்ன?

போகட்டும். உனக்குத் தெரியாத ஒன்று கண்டுபிடித்தேன். நம் கொள்ளுத்தாத்தா இந்த வீட்டை முதலில் குடியிருக்கக் கட்டவில்லை. அச்சகம் நடத்தக் கட்டியிருக்கிறார். கீழ்த்தளம் முழுக்கக் காகிதக் கிடங்கு. அதனால்தான் கீழே கல் தரை இல்லாமல் பலகைத் தரை, அதன் அடியில் முழங்கால் உயரத்துக்குக் காலி இடம். அடியில் நான்கு வரிசை மட்டும் அளவுக்கு மீறி வெந்த கருஞ்செங்கல். அது தண்ணீர் குடிக்காது. அந்த மனிதர் அச்சடித்தது வெறும் கல்யாணப் பத்திரிகையும் ரசீதுப் புத்தகமும்தான். ஆனால் காகிதத்தை எப்படித் தாங்கியிருக்கிறார் பார்!

கல்லுத்திருடன் கதையை எழுதிவிட்டேன். முன்னால் பதினொன்று, பின்னால் பதினொன்று, சுவரின் அடியில் ஒரு கல் அளவுக்கு ஓட்டைகள். கொத்தனார் இருபத்திரண்டு கல்லைத் திருடி விற்றுவிட்டான் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கிறோம். பதின்மூன்று வருடத்துக்கு முன், ஓட்டை வழியாக வந்த எலி என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் தின்ற கோடையில், நானே சிமெண்ட் குழைத்து இருபத்திரண்டையும் அடைத்தேன். அந்த ஆய்வேட்டை முழு ஈடுபாட்டோடு அணுகிய ஒரே உயிர் அந்த எலிதான். ஆனாலும் திருடு போனதைத் திருப்பி வைத்தவன் நான் என்பதையும் குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

டாக்டர் சுவரைச் சோதிக்க ஒரு கொத்தனாரை அனுப்புகிறாராம். ஒரு பெண்மணி. சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக் கைப்பை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிவதால் ஊரில் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர். பதினெட்டாம் தேதி வருகிறார். அவர் வாயாலேயே காரணம் வரட்டும்.

தம்பி

*

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

சுகமா? இங்கே நாங்க சுகம்.

பதினெட்டு போய் ரெண்டு வாரமாச்சு. ரசமட்டம் என்ன சொன்னாங்க? டாக்டர் என்னைக் கேக்கறார். நான் யாரைக் கேக்க?

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. புத்தக அலமாரிகளை நகர்த்த வேண்டியிருந்தது. இப்போது பரவாயில்லை.

ரசமட்டம் வந்தார். கெட்டிக்காரர். கூரையைப் பார்த்து அசந்துவிட்டார். இரண்டு இரும்பு உத்தரங்களுக்கு நடுவே செங்கல்லை மெல்லிய வளைவாக அடுக்கியிருக்கிறார்கள். அப்படிப் பத்து வளைவுகள், உன் பக்கம் ஐந்து, என் பக்கம் ஐந்து. அப்பா போனபிறகு நாம் நடுவில் எழுப்பிய சுவர் கூரையைத் தொடுகிறதே தவிர, கூரைக்கு அந்தச் சுவர் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு வளைவும் பக்கத்து வளைவைத் தள்ளுகிறது. பக்கத்து வளைவு திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுமுள்ளில்தான் பத்தும் விழாமல் நிற்கின்றன. ஒரு பக்கத்து ஐந்தை எடுத்தால் மறுபக்கத்து ஐந்து அந்தப் பக்கமே சாயும் என்கிறார். கலவையில் சுண்ணாம்பு இன்னும் வெள்ளை வெளேரென்று இருக்கிறதாம். ஏணியில் ஏற்றி என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன்.

கல்லூரியில் தேர்வுத் தாள் திருத்தும் காலம். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 30

தம்பி,

இடுப்புக்குத் தைலம் தடவு. குனியாதே.

கூரையைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கே, ரொம்ப அழகு. "நம்மள மாதிரி"ன்னு எழுத வந்து நிறுத்திக்கிட்டே, அதுவும் தெரியுது. ஆனா நான் கேட்டது சுவர்.

உன்னை எனக்கு அம்பத்து நாலு வருஷமாத் தெரியும். சின்னப் புள்ளையில பால் கிண்ணத்தைக் கொட்டிட்டு, அம்மாகிட்ட வந்து வானம் எவ்வளவு நீலமா இருக்குன்னு சொல்லுவே. அப்பவே எனக்குத் தெரியும், பால் போச்சுன்னு.

பால் எங்கே?

அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு, நலம் என்று சொல்லி ஆரம்பிக்க முடியவில்லை. நேராகவே எழுதுகிறேன். இதற்கு முன் நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

ரசமட்டம் முதலில் உன் பக்கம் போனார். சுவரைக் கை முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார். குளியலறைச் சுவரில் அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் ஊறல் இருக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். "எல்லாப் பக்கமும் ஒரே உயரத்துக்கு ஏறியிருக்கே சார். குழாய்த் தண்ணி இப்படி வரிசையில நின்னு ஏறாது," என்றார். பிறகு, "உங்க பக்கம் பார்க்கலாமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். அதற்குள் அலமாரியில் கை வைத்துவிட்டார். நகர்த்தினோம். பின்னால் சுவர் உப்புப் பூத்து, தொட்டால் உதிர்கிறது.

"சார், இந்தப் பக்கமும் குழாய் ஓடுதா?"

"இல்லை."

"அப்போ இந்தத் தண்ணி புத்தகம் படிக்க வந்துச்சா?"

வெளியே அழைத்துப் போய் அடியில் இருக்கும் சிமெண்ட் அடைப்புகளைக் காட்டினார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்று சொல்லி, திருட்டுக் கொத்தனார் கதையையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ரசமட்டம் கீழே விழுந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"திருடலை சார். வீட்டுக்கு மூக்கு வச்சுட்டுப் போயிருக்கான். முன்னால பதினொண்ணுல காத்து உள்ள போய், பின்னால பதினொண்ணுல வெளிய போகும். பலகைக்குக் கீழ எப்பவும் காஞ்சே இருக்கும். நீங்க மூக்குல சிமெண்ட் வச்சுட்டீங்க. பாவம், பதிமூணு வருஷமா மூச்சு முட்டி வேர்க்குது."

மூன்று தலைமுறையாக நாம் திருடன் என்று சொன்னவன் காகிதத்துக்குக் காற்று விட்டவன், அக்கா. கிடங்கு பற்றி நானே உனக்கு எழுதினேன். கருஞ்செங்கல்லை எழுதினேன், காலி இடத்தை எழுதினேன், ஓட்டைகளையும் அதே பக்கத்தில் எழுதினேன். நான்கையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. இவன் துறைத்தலைவராகாதது துறையின் அதிர்ஷ்டம்.

இதுவரை எழுதியது சுலபமான பகுதி. இனிமேல் வருவதற்காகத்தான் நான்கு கடிதம் கிழித்தேன்.

என் பக்கச் சுவர் ஊறியது எனக்கு மார்ச்சில் தெரிந்த செய்தி இல்லை. நீங்கள் போன மூன்றாவது வருடமே பார்த்தேன். கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்கள் பூஞ்சை பிடித்தன. இந்தப் பக்கம் குழாய் இல்லை, அப்படியானால் அந்தப் பக்கமும் குழாய் காரணமில்லை என்பது எந்தப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. எனக்கும் விளங்கியது. நான் அலமாரியைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தேன். ஓட்டையை அடைத்தது அறியாமை. அலமாரியைத் தள்ளியது அறியாமை இல்லை.

அத்தான் குழாய் ஒருநாளும் ஒழுகவில்லை.

இருபத்திரண்டு அடைப்புகளையும் எடுத்துவிட்டோம். ஆறு ஓட்டைகளை நானே உளி வைத்து உடைத்தேன். எலி வராமல் கம்பி வலை வைத்தாயிற்று. சுவர் காய்கிறது. தினமும் காலையில் ஒரு பிரஷ் எடுத்து உப்பைத் தட்டுகிறேன், உன் பக்கமும் என் பக்கமும். பலகையில் படுத்துக் காதை வைத்தால் அடியில் காற்று போவது கேட்கிறது. இதைச் செய்யும் வயது எனக்கு இல்லைதான். ஆனாலும் செய்கிறேன்.

விற்பது உன் விருப்பம். அதில் தலையிட எனக்குத் தகுதியில்லை. விற்காதே.

தம்பி

*

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். கடிதத்தைப் படிச்சு முடிச்சப்போ என்னமோ முழங்கால் ஞாபகமே வரலை.

சாப்பாட்டு மேஜையில வச்சு சத்தமாப் படிச்சேன். வழக்கம்போல எழுந்தவர் கதவுகிட்ட நின்னுட்டார். "அத்தான்"னு நீ எழுதின இடத்துல, "திரும்பப் படி, காதுல விழலை"ன்னார். நல்லா விழுந்துச்சு, எனக்குத் தெரியும். மூணு தடவை படிக்க வச்சார். அப்புறம் போய்க் கை கழுவினார். அதுவரைக்கும் ஒரு வாய்கூடச் சாப்பிடலை!

ரெண்டு நாள் கழிச்சு, டாக்டருக்கு என்ன பதில் சொல்லன்னு கேட்டேன். "எனக்கா எழுதியிருக்கான்? உனக்குத்தானே எழுதியிருக்கான்"ன்னார்.

புரியுதா? நான் தபால்காரி இல்லை. பதிவுக்கு மூணு வாரம் இருக்கு.

அக்கா

*

ஜூன் 13

அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பும் காதும் எப்படி இருக்கின்றன என்று அக்கா மூலமாக அல்லாமல் நேராகக் கேட்க வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது.

அக்காவுக்கு எழுதியதை நீங்கள் கேட்டீர்கள். அதையே உங்களிடம் சொல்கிறேன்: தப்பு என்னுடையது. அது தெரிந்தும் பத்து வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

உங்களிடம் தனியாகச் சொல்லிவிட்டால் போதாது. அன்று கூடத்தில் நம் இருவரையும் விட்டால் இருந்தவர்கள் ஒன்பது பேர். அக்கா ஒருத்தி சிரித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். மற்ற எட்டுப் பேருக்கும் சுவர் ஊறியது யாரால் என்று விளக்கி எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். நகல்கள் இத்துடன் உள்ளன. பெரியப்பா இப்போது இல்லை. அவர் மகனுக்கு எழுதினேன். அன்று விருந்துக்கு வந்திருந்த என் துறைத்தலைவனுக்கும் எழுதினேன். அவன் மறுநாளே பதில் போட்டுவிட்டான், அதுவும் அன்பாக. அதை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

வேறொன்றும் கேட்க எனக்கு வாயில்லை.

மைத்துனன்

*

ஜூன் 27

மச்சானுக்கு, குழாய்க்காரன் எழுதறது.

நான் சுகம். உன் இடுப்பு தேவலையா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உங்க அக்கா பக்கத்துல உக்காந்து, எழுத்துல தப்பு பார்த்துக்கிட்டு இருக்கா.

நகல் எட்டும் படிச்சேன். ஒண்ணு போதும், நீ எட்டு எழுதியிருக்கே. படிச்சவன் படிச்சவன்தான்.

ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்லை. மூணு தடவை தரையைத் தோண்டினேன். ஒழுகல் இல்லைன்னு கண்ணால பார்த்தேன். ஆனா நீ சொன்ன அன்னிக்கு எல்லாரும் சிரிச்சதுல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, என் கைதான் சரியில்லையோன்னு. அதுலேருந்து எந்த வீட்டுல வேலை முடிச்சாலும் மறுநாள் ஏதாவது சாக்கு சொல்லிட்டுப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். பதிமூணு வருஷமா இப்படித்தான். நேத்து ஒரு வீட்டுல ரெண்டு குளியலறை முடிச்சேன். இன்னிக்குப் போகலை. வீட்டுலதான் இருக்கேன். உங்க அக்கா, ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க, உடம்பு சரியில்லையான்னு கேக்கறா.

டாக்டருக்கு இல்லைன்னு சொல்லியாச்சு. கண்ணாடி வீடு நிறைய இருக்கு, அவர் பார்த்துப்பார்.

அடுத்த மாசம் எட்டாம் தேதி காலை வண்டியில வரோம். ஒரு மாசம் இருப்போம். உங்க அக்காவுக்கு மாடிப்படி ஏற முடியாது, கீழ் அறையைத் தூசி தட்டி வை. அந்த ரசமட்டம் அம்மாவையும் ஒருநாள் வரச் சொல்லு, பார்க்கணும்.

அதுவரைக்கும் எங்க பக்கத்துக் குழாயை மட்டும் நீ திறந்துடாதே. பதிமூணு வருஷம் பூட்டிக் கிடந்திருக்கு, வாஷர் காஞ்சு போயிருக்கும். நீ திறந்தா ஒழுகும். அப்புறம் அதுக்கும் ஒம்பது பேருக்கு எழுதுவே.

அத்தான்